வீட்டில் செய்த கையடக்க விளையாட்டுக் கருவி: பேட்டரி, பட்டன், திரை, அப்புறம் அந்த 8 நொடி

கேள்வி, 2023 ஜூன் 10

“ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, 2.8 அங்குலத் திரை ஒன்று, ஒரு பேட்டரி, எட்டுப் பட்டன்கள். இவற்றைச் சேர்த்து, பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றிவிட்டால் சின்ன வயதில் விளையாடிய டிவி கேம் கைக்குள் வந்துவிடும் அல்லவா? இரண்டு வார இறுதிகள் போதும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் எங்கே சிக்கல் வரும் என்று சொல்லுங்கள்.”

2023 ஜூன் 11

இரண்டு வார இறுதிகளில் ஓடுகிற கருவி கிடைத்துவிடும். கையில் வைத்து ஒரு மணி நேரம் அலுப்பில்லாமல் விளையாடக்கூடிய கருவி கிடைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அது முதல் பெட்டி. இப்போது இரண்டாவதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை நடக்க நடக்க இங்கே எழுதி வைக்கிறேன். முன்னால் எழுதியது தவறு என்று பின்னால் தெரிந்தால் அதை அழிக்காமல் கீழே திருத்தம் எழுதுகிறேன், ஏனென்றால் தவறிய இடம்தான் அடுத்து செய்பவருக்கு அதிகம் உதவும்.

மென்பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1983இல் ஜப்பானில் வந்த, நம் டிவி கேம்களுக்கு மூலமான நின்டெண்டோ ஃபேமிகாம் பெட்டியின் செயலி நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் ஓடியது. 2021 அக்டோபரில் வந்த ஜீரோ 2 டபிள்யூவில் 1 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 கோடி துடிப்பு) வேகத்தில் நான்கு செயலிக் கருக்கள் இருக்கின்றன. நினைவகம் 512 மெகாபைட். 8 பிட், 16 பிட் காலத்து விளையாட்டுகளுக்கு இது தாராளம். மெமரி கார்டில் ரெட்ரோபையைப் பதிவது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு வருகிற எல்லாமே மின்சாரம், பட்டன், ஒலி, திரை என்ற நான்கைச் சுற்றித்தான், கடினமும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான்.

முதல் பெட்டியில் காரின் பின்பக்கக் கேமராவுக்கு விற்கிற 3.5 அங்குலத் திரையைப் போட்டேன். 2016இல் பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்த ‘கேம் பாய் ஜீரோ’விலும் அந்த வகைத் திரைதான் இருந்தது. ஜீரோ பலகையில் டிவி என்று ஒரு பற்றுப்புள்ளி உண்டு. அதில் ஒரு ஒயர், தரைமுனையில் (கிரவுண்ட்) ஒரு ஒயர், படம் வந்துவிடும். விளையாட்டுக்குக் குறை சொல்ல முடியாது, ஆனால் பட்டியல்களில் உள்ள சிறிய எழுத்துகள் கலங்கித் தெரியும். இரண்டாவது பெட்டியில் திரையை மாற்றுவது என்று முடிவெடுத்தது அந்த எழுத்துகளுக்காகத்தான்.

2023 ஜூன் 11, இரவு

ஒன்றை மறந்துவிட்டேன். பட்டன், திரை எல்லாம் இணைக்கிற ராஸ்பெர்ரி பையின் பொது முனைகள் (ஜிபிஐஓ) 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே பழகியவை. 5 வோல்ட் ஒயர் அவற்றில் ஒரு கணம் உரசினாலும் முனையோ முழுப் பலகையோ போய்விடலாம். 5 வோல்ட் ஒயருக்குச் சிவப்பு என்று நிறத்தை முடிவு செய்துகொண்டு, வேறெதற்கும் சிவப்பைத் தொடாதீர்கள்.

2023 ஜூன் 18

பேட்டரி.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நான் முதலில் வாங்கிய 18650 செல்லின் உறையில் 9800 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த அளவு உருளையில் நல்ல தயாரிப்பாளர்களே 3500ஐ ஒட்டித்தான் நிற்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கருவி ஒன்றரை மணி நேரத்தில் அணைந்தபோது இணைப்பில் கசிவு இருக்கும் என்று நினைத்து எல்லாப் பற்றுகளையும் மறுபடி பற்றவைத்தேன். கடைசியில் நகை எடை போடுகிற சிறிய மின்தராசில் செல்லை வைத்தேன்: 28 கிராம். ஒழுங்கான செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். சீரான சுமை கொடுத்து வடித்துப் பார்த்ததில் கிடைத்தது 1100தான். அன்றிலிருந்து எந்தச் செல்லையும் எடை போடாமல் பெட்டிக்குள் வைப்பதில்லை.

இப்போது இருப்பது 2600 மில்லி ஆம்பியர் மணி செல். கணக்கு எளிது: 3.6 வோல்ட்டை 2.6ஆல் பெருக்கினால் 9.4 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்துகிற பலகை வெப்பமாகத் தின்பதைக் கழித்தால் 8 வாட் மணி. திரையும் ஒலியும் ஓடும்போது என் பெட்டி 5 வோல்ட்டில் 380 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, அதாவது 1.9 வாட். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்ததில் 3 மணி 50 நிமிடம் வந்தது. செல்லின் அழுத்தம் குறையக் குறைய உயர்த்தும் பலகை அதிக மின்னோட்டம் இழுக்கிறது, கடைசிச் சொட்டு வரை வடிக்க முடியாது என்பதால் இந்தக் குறைவு நியாயமானதே.

செல்லை எங்கே வைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பெட்டியைத் தட்டையாக்க வேண்டும் என்ற ஆசையில் தட்டையான பொதி போன்ற பேட்டரியைத் தேடுவதை விட, உருளையைப் பின்பக்கம் குறுக்காகக் கிடத்திவிடலாம். நடுவிரல்கள் அந்த மேட்டில் வந்து உட்காரும். என் கைக்கு முதல் பெட்டியின் சமதளத்தைவிட இது எவ்வளவோ வசதி.

2023 ஜூன் 19

சார்ஜ் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் வாங்குவது டிபி4056 பலகை. நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். செல்லை 4.2 வோல்ட் வரை கொண்டுபோய், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்திக்கொள்ளும். ஆனால் சார்ஜ் ஆகும்போதே நீங்கள் விளையாடினால், விளையாட்டு இழுக்கிற மின்னோட்டமும் அதன் வழியாகவே போவதால், அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற நிலை ஒருபோதும் வராது. செல் 4.2 வோல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி டையோடு, ஒரு மின்தடை மூன்றையும் இடையில் வைத்தால், சார்ஜர் செருகியிருக்கும்போது கருவி நேராகச் சார்ஜரிலிருந்து எடுத்துக்கொள்ளும், செல் தனியாக நிரம்பும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த மூன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இதைச் செய்யாதவர்கள், சார்ஜ் ஆகும்போது கருவியை அணைத்து வையுங்கள்.

2023 ஜூலை 2

பட்டன்களுக்கு மூன்று வாரம் போயிற்று. இந்த வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுவதால் நீளமாகவே எழுதுகிறேன்.

6 மில்லிமீட்டர் டாக்ட் சுவிட்சுகளைத்தான் முதல் பெட்டியில் வைத்தேன். அவை க்ளிக் க்ளிக் என்று ஒலிக்கும், அரை மணி நேரத்தில் கட்டைவிரல் நுனி சிவக்கும். இரவில் பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கும் அது தொந்தரவு. பழைய டிவி கேமின் பட்டனுக்கு அடியில் இருந்தது ரப்பர்: குடை போல் வளைந்த ஒரு மென்மையான குமிழ், அதன் உள்ளே கரும்பொட்டு. அழுத்தினால் குடை மடங்கி, பொட்டு கீழே உள்ள செம்புக் கோடுகளைத் தொட்டு இணைக்கும். டிவி ரிமோட்டிலும் இதே ஏற்பாடுதான். அதனால் வீட்டில் கிடந்த இரண்டு பழைய ரிமோட்டுகளைப் பிரித்து, ரப்பர் விரிப்பிலிருந்து பட்டன்களைக் கத்தரித்து எடுத்தேன். செம்புக் கோடுகளுக்குத் தனிப் பலகை வேண்டும். லேசர் அச்சில் எடுத்த படத்தை இஸ்திரிப் பெட்டியால் செம்புப் பலகையில் அழுத்தி மாற்றி, பெரிக் குளோரைடில் அரித்தேன். விரல்கள் கோத்தது போல எதிரெதிரே வரும் கோடுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். அதைவிட நெருக்கினால் வீட்டு முறையில் கோடுகள் ஒட்டிக்கொள்கின்றன.

அடுத்தது திசைச் சிலுவை. 1982இல் நின்டெண்டோவின் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காகக் குன்பெய் யோகோய் வடிவமைத்த அந்தச் சிலுவையை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கூட்டல் குறி. நானும் ஒரு கூட்டல் குறியை 3டி அச்சில் எடுத்து நான்கு ரப்பர்களின் மேல் வைத்தேன். நடுவில் அழுத்தினால் நான்கு திசையும் ஒரே நேரத்தில் விழுந்தன. வலப்பக்கம் அழுத்தினால் கட்டைவிரலின் பாரத்தில் கீழ்த்திசையும் சேர்ந்து விழுந்ததால் கான்ட்ராவில் ஓட வேண்டிய வீரன், துப்பாக்கியைத் தரையை நோக்கிச் சாய்த்துக்கொண்டே ஓடினான். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து சிலுவையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அதன் நடுவில் ஒரு குமிழ் இருப்பது தெரிந்தது. சிலுவை அந்தக் குமிழின் மேல் சீசா பலகை போல ஆடுகிறது. ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் ஏறியே ஆக வேண்டும், ஆகையால் இடமும் வலமும் சேர்ந்து விழவே முடியாது.

குமிழின் உயரம்தான் எல்லாம். 2 மில்லிமீட்டர் வைத்தேன், சிலுவை தள்ளாடியது. 3 வைத்தேன், திசை விழவே இல்லை. 2.8இல் அச்சடித்து, 400 எண் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, பொருத்தி ஒரு ஆட்டம், மறுபடி நாலு தேய்ப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கட்டத்தில் கட்டைவிரல் சிலுவையை மறந்துவிட்டது. அந்தக் கணத்தை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை, ஆனால் வந்தால் உங்களுக்குத் தெரியும். அளந்து பார்த்தேன்: 2.6 மில்லிமீட்டர். இது என் ரப்பரின் உயரத்துக்கு உரிய எண். உங்களுடையது வேறாக இருக்கும்.

2023 ஜூலை 9

இடது திசை பத்தில் இரண்டு முறை விழவில்லை. ரப்பரை மாற்றினேன், பலகையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பலனில்லை. வலதுக்கும் இடதுக்கும் ரப்பரை மாற்றிப் போட்டால், அதே ரப்பர் வலதில் ஒழுங்காக வேலை செய்தது.

காரணம் இது. பையின் ஒவ்வொரு முனையிலும் உள்ளேயே ஏறத்தாழ 50 ஆயிரம் ஓம் மின்தடை அதை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். பட்டனை அழுத்தினால் முனை தரைக்கு இறங்கும். 2, 3 என்ற எண்ணுள்ள முனைகளில் மட்டும் பலகையிலேயே 1800 ஓம் மின்தடை நிரந்தரமாக இருக்கிறது. என் ரிமோட் ரப்பரின் கரும்பொட்டுக்கும் தனக்கென்று ஒரு மின்தடை உண்டு. மல்டிமீட்டரில் 1100 ஓம் காட்டியது. 50 ஆயிரத்துக்கு எதிரே 1100 ஒரு பொருட்டே இல்லை, முனை 0.1 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். 1800க்கு எதிரே 1100 வந்தால் முனை 1.25 வோல்ட்டில் நின்றுவிடும்; அழுத்தினார்களா இல்லையா என்று பைக்குத் தெளிவாகாது. இடது திசையை நான் கொண்டுபோய்ச் செருகியிருந்தது 3ஆம் எண் முனையில். 17க்கு மாற்றினேன், தீர்ந்தது. உலோகத் தொடுப்புள்ள டாக்ட் சுவிட்சில் இந்தச் சிக்கல் வராது என்பதால்தான் முதல் பெட்டியில் இது எனக்குத் தெரியவே இல்லை.

3ஆம் முனையை வீணாக்க வேண்டாம். அணைந்து கிடக்கும் பையை எழுப்ப அதைத் தரையோடு தொடுத்தால் போதும். அங்கே இப்போது சிறிய டாக்ட் சுவிட்சு ஒன்று மின்பொத்தானாக இருக்கிறது.

2023 ஜூலை 12

“ரெடிமேடாகக் கிடைக்கிறதே” என்று எழுதியவருக்கு: கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. விளையாடுவது மட்டும்தான் தேவை என்றால் அதை வாங்குங்கள். எனக்கு அந்தக் குமிழின் உயரம் தெரிய வேண்டியிருந்தது.

2023 ஜூலை 30

திரை. ஐஎல்ஐ9341 சில்லுள்ள 2.8 அங்குலத் திரையை எடுத்தேன்: 320க்கு 240 புள்ளிகள். ஃபேமிகாம் வரைவது 256க்கு 240. உயரம் புள்ளிக்குப் புள்ளி பொருந்துகிறது, எதையும் நீட்டிச் சுருக்க வேண்டியதில்லை என்பதால் படம் ஊசிமுனை போலத் தெளிவாக இருக்கிறது. முதல் பெட்டியின் கலங்கலுக்குப் பிறகு இதைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் இந்தத் திரைக்குப் படம் போவது எஸ்பிஐ என்ற ஒற்றைத் தரவுக் கம்பி வழியாக. கணக்குப் போடுங்கள்: 256 பெருக்கல் 240 பெருக்கல் புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு படத்துக்கு 9 லட்சத்து 83 ஆயிரம் பிட். நொடிக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 5 கோடியே 90 லட்சம் பிட். அந்தச் சில்லின் தரவுத்தாள் உறுதியளிக்கும் எழுதும் வேகமோ 1 கோடிதான். நடைமுறையில் எல்லோரும் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள், பெரும்பாலான திரைகள் தாங்குகின்றன. என் திரை 66 மெகாஹெர்ட்ஸில் ஆங்காங்கே பச்சைப் பொட்டுகள் காட்டியது. அடுத்த படி 50, அதாவது நொடிக்கு 5 கோடி பிட். அதில் சுத்தமாக இருக்கிறது, அங்கேயே நிறுத்தினேன்.

எஃப்பிசிபி-ஐஎல்ஐ9341 என்ற இயக்கி இங்கே பெரிய கொடை. முந்தைய படத்திலிருந்து மாறிய புள்ளிகளை மட்டும் அது அனுப்புகிறது, அசையாத வானத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. படத்தை எடுக்க அது டிஸ்ப்மேனெக்ஸ் என்ற பழைய வழியை நம்பியிருப்பதால், பையின் இயங்குதளத்தில் பஸ்டர் என்ற பழைய பதிப்பில்தான் சிக்கலில்லாமல் ஓடும். பஸ்டரின் மேல் கட்டிய ரெட்ரோபை 4.8ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. மாரியோ வேகமாக ஓடி முழுத்திரையும் பக்கவாட்டில் நகரும்போது அவ்வப்போது ஒரு திக்கல். 5 கோடி செல்லும் கம்பியில் 5 கோடியே 90 லட்சத்தைத் திணிக்கிறேன், அப்படித்தான் இருக்கும். இதோடு வாழப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 15

விடுமுறை நாள் ஒலிக்குச் செலவானது. ஜீரோவில் ஒலிக்கான துளை கிடையாது. 18, 19ஆம் முனைகளின் துடிப்பு ஒலியை மின்தடை, மின்தேக்கி வைத்து வடிகட்டி, பிஏஎம்8403 பெருக்கிக்குக் கொடுப்பது மலிவான வழி, செய்தேன். இசையோடு ஒரு கொசு சேர்ந்து பாடியது. திரையில் வெளிச்சம் கூடினால் கொசுவின் சுருதியும் மாறியது. மேக்ஸ்98357ஏ பலகைக்கு மாறினேன். அது 18, 19, 21ஆம் முனைகளிலிருந்து ஒலியை எண்களாகவே வாங்கித் தானே ஒலியாக்குவதால் வழியில் இரைச்சல் சேர இடமில்லை.

அப்படியும் மெல்லிய முனகல் ஒன்று மிஞ்சியது. ஒலிப்பலகையின் தரை ஒயர் திரையின் தரை ஒயரோடு சேர்ந்து போனதே காரணம். அதை வெட்டி, மின்சாரப் பலகையின் தரைமுனைக்கே தனியாக ஒரு ஒயர் இழுத்தபின் அமைதி வந்தது.

ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மூடுங்கள். 28 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் திறந்து கிடந்தால் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். பின்னால் சிறிய மூடிய அறை ஒன்றை அச்சடித்து விளிம்பில் சிலிகான் பூசினேன். மாரியோவின் தாழ்ந்த சுரங்கள் அன்றுதான் எனக்குக் கேட்டன.

2023 ஆகஸ்ட் 16

முந்தைய குறிப்புக்குத் திருத்தம்: பல திரைப் பலகைகள் பின்னொளியைக் கட்டுப்படுத்த 18ஆம் முனையையே பயன்படுத்துகின்றன. அதை முதலில் வேறு முனைக்கு மாற்றாமல் ஒலிப்பலகையைச் சேர்த்தால் திரை இசைக்கு ஏற்பச் சிமிட்டும்.

2023 செப்டம்பர் 24

பெட்டி மூடப்பட்டது. அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். 1996இல் அப்பா வாங்கி வந்த டிவி கேமில் எங்கள் வீட்டில் எல்லோரையும்விட நன்றாக விளையாடியவள் அவள். கருவியைக் கையில் வாங்கியதும் சிலுவையை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்து, “இது அதே மாதிரியே இருக்குடா” என்றாள். மூன்று வார உழைப்புக்கு அது போதும்.

பிறகு மாரியோ போட்டாள். முதல் கட்டத்தின் இரண்டாவது குழியிலேயே விழுந்தாள். மறுபடி விழுந்தாள். “இது ரொம்ப அவசரப்படுது. நம்ம கேம் இவ்வளவு வேகமா ஓடாது” என்றாள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எல்லாமே வேகமாகத்தான் தோன்றும், கை பழகினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

2023 அக்டோபர் 24

நான் அக்காவிடம் சொன்னது தவறு.

ஆயுத பூஜைக்கு திண்டுக்கல் வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணில் அந்த டிவி கேம் பெட்டி கிடைத்தது. உள்ளே கரப்பான் முட்டைகள், துடைத்தேன். அதன் அடாப்டர் காணாமல் போயிருந்தது. வேறொரு 9 வோல்ட் அடாப்டரை எடுத்து, நடுமுனை நேரா எதிரா என்று பெட்டியின் உள்ளே தடம் பிடித்துப் பார்த்து, முனையை மாற்றிப் பற்றவைத்துச் செருகினேன். விளக்கு எரிந்தது. கேசட்டின் தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்த்து இரண்டு முறை செருகியதும் மாரியோ வந்துவிட்டது.

ஸ்டாப்வாட்ச்சை எடுத்தேன். மாரியோவின் மேல் மூலையில் உள்ள நேரம் 400இலிருந்து இறங்குகிறது. விளையாட்டின் நிரலில் அதன் ஒவ்வொரு எண்ணும் 24 படங்களுக்கு ஒரு முறை குறைகிறது. எனவே 400இலிருந்து 300க்கு வர 2400 படங்கள். என் கையடக்கக் கருவியில் 40 நொடி ஆயிற்று. பரணிலிருந்து வந்த பெட்டியில் 48 நொடி. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். 48, 48, 48.

அக்காவின் கட்டைவிரல் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த 8 நொடியைச் சரியாக நினைவில் வைத்திருந்திருக்கிறது.

2023 அக்டோபர் 25

காரணத்தை எழுதுகிறேன். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்பட்டது, இந்தியாவில் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை என்பதால் 50. நம் ஊரில் விற்ற நகல் பெட்டிகள் 50க்கு வெளியிட வேண்டியிருந்தது, ஆனால் கேசட்டுகளில் இருந்தவை 60க்கு எழுதப்பட்ட ஜப்பானிய, அமெரிக்க விளையாட்டுகள். விளையாட்டு தன் காலத்தைப் படங்களின் எண்ணிக்கையால்தான் அளக்கிறது. படம் மெதுவாக வந்தால் எல்லாமே மெதுவாகும்.

ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற பெட்டியிலும் 50தான். ஆனால் அதில் செயலியின் வேகத்தையும் 16 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைத்திருந்தார்கள், படத்துக்கு இடையிலான ஓய்வின் நேரமும் வேறாக இருந்ததால் 60க்கு எழுதிய சில விளையாட்டுகள் அதில் தடுமாறின. நகல் பெட்டிகளின் சில்லைச் செய்தவர்கள் வேறு வழி எடுத்தார்கள். செயலியை 17 லட்சத்து 73 ஆயிரத்தில் வைத்தார்கள், மூலத்துக்கு ஒரு சதவீதமே குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் கூடுதலாகத் தேவைப்பட்ட 50 வரிகளை, படம் முடிந்து ஓய்வு தொடங்குவதற்கு முன்னால் சும்மா ஓட விட்டார்கள். அதனால் கேசட்டில் இருந்த நிரல் வேறு பெட்டியில் ஓடுகிறோம் என்று உணராமலேயே ஓடியது. சுருதி ஏறக்குறைய அப்படியே இருந்தது, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. நம் காதில் இருக்கிற மாரியோ இசை அந்தத் தளர்ந்த தாளம்தான்.

ரஷ்யாவில் இந்த வகைப் பெட்டி டென்டி என்ற பெயரில் பரவியதால் பழைய பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்களான எமுலேட்டர்களிலும் அந்த முறைக்கு டென்டி என்றே பெயர். என் பெட்டியின் சில்லு கரும்பிசினுக்கு அடியில் புதைந்திருப்பதால் எண்ணைப் படிக்க முடியவில்லை, ஆனால் 48 நொடியும் குலையாத சுருதியும் சேர்ந்து வேறு எதையும் காட்டவில்லை.

2023 நவம்பர் 12

தீபாவளி. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே மாற்றத்தைச் செய்து முடித்தேன்.

எஃப்சியூஎம்எம் எமுலேட்டரின் அமைப்பில் பிராந்தியம் என்ற இடத்தில் டென்டியைத் தேர்ந்தெடுத்தால் முதல் பாதி முடிந்தது. அதோடு நின்றால் ஐந்து படங்களுக்கு ஒரு படம் இரட்டித்துக் குதிக்கும், ஏனென்றால் பை இன்னும் 60க்குத்தான் படத்தை வெளியிடுகிறது. பையின் தொடக்க அமைப்புகள் உள்ள கன்ஃபிக் கோப்பில் வெளியீட்டையும் 320க்கு 240, நொடிக்கு 50 என்று எழுத வேண்டும். 400இலிருந்து 300க்கு 48 நொடி.

ஜூலை 30 குறிப்பில் ‘வாழப் பழக வேண்டும்’ என்று எழுதிய திக்கல் போய்விட்டது. நான் எதிர்பார்க்கவே இல்லை; பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 256 பெருக்கல் 240 பெருக்கல் 16 பெருக்கல் 50 என்றால் 4 கோடியே 91 லட்சம் பிட். கம்பி தாங்குவது 5 கோடி. மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்புவதால் நிஜத்தில் இன்னும் குறைவு. என் திரைக்கு எட்டாமல் இருந்தது 60 மட்டும்தான்.

2023 டிசம்பர் 3

சேமிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. ரெட்ரோபைக்குள் எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச், கேசட்டின் உள்சேமிப்பை விளையாட்டை மூடும்போதுதான் கார்டில் எழுதுகிறது. பேட்டரி பாதியில் தீர்ந்தால் அத்தனையும் போகும். தானாகச் சேமிக்கும் இடைவெளியை 10 நொடி என்று வையுங்கள். மின்சாரத்தை நேரடியாக வெட்டாதீர்கள், கார்டு கெடும். மின்பொத்தானை அழுத்தினால் முறையாக அணையும்படி கன்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். 3ஆம் முனையின் அதே டாக்ட் சுவிட்சு எழுப்பவும் அணைக்கவும் இரண்டுக்கும் பயன்படுகிறது.

விளையாட்டுக் கோப்புகளை எங்கே இறக்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சுட்டி தர மாட்டேன். கையில் கேசட் இருந்தால் அதைப் படித்தெடுக்கும் கருவிகள் உண்டு. இன்றும் ஃபேமிகாமுக்குப் புதிதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் கோப்பாகவே விற்கிறார்கள்.

2024 ஜனவரி 17

காணும் பொங்கலுக்கு அக்கா வீட்டில். நான் எதுவும் சொல்லாமல் கருவியைக் கொடுத்தேன். மாரியோ நடக்கத் தொடங்கியதும் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தாள். “என்னடா பண்ணின?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாவது குழியைப் பார்க்காமலேயே தாண்டினாள். சுரங்கத்துக்குள் இறங்கும் குழாய் எது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. நான்காம் உலகம் வரை போனபின் கருவியைக் கீழே வைத்து, அவளுடைய மகனிடம், “இதுதான் சரியான வேகம்” என்றாள். அவனுக்கு அது மெதுவாகத் தெரிந்ததாம். அவனுக்காக டென்டிக்கும் 60க்கும் மாறுகிற ஒரு சுருக்குவழியை செலக்ட் பட்டனில் வைக்கப் போகிறேன்.

தனக்கும் ஒன்று வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவள் கட்டைவிரல் என்னுடையதைவிடச் சிறியது, சிலுவையை 2 மில்லிமீட்டர் சுருக்க வேண்டும். குமிழை மறுபடி 2.8இலிருந்து தேய்த்துக்கொண்டு வர வேண்டும். இந்த முறை தேய்க்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.